ஹோல்ட்காம்ப் வீட்டுப் பேரன்

ப்ரோக்ஹாசன், ஜெர்மனி
12 நவம்பர் 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

நெடுமாறன் எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சாஹிராவிடம் சொல்லி வாங்கிக்கொள். போனில் நான் கத்தக் கத்த நீ "ஆங்? ஆங்?" என்று கேட்பதும், பக்கத்து வீட்டு தாஜ் பீவி அத்தை நடுவில் நின்று உனக்கு எடுத்துச் சொல்வதும் இனி வேண்டாம். சுரங்கத்துக் கன்வேயர் சத்தம் உன் காதைத் தின்றுவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே. அதனால்தான் இந்தக் கடிதம். அத்தைக்கும் தெரியாமல் நமக்குள் பேச ஒரு விஷயம் வேறு இருக்கிறது.

கோபப்படாமல் படி. கஸ்தூரி ஆயாவின் தகரப்பெட்டியில் இருந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை, வரும்போது உன்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன். முன்பக்கம் ஒரு பண்ணை வீட்டின் படம். பின்பக்கம் "ஹைன்ரிஷ் ஹோல்ட்காம்ப், 1962" என்ற கையெழுத்தும் ஓர் ஊர்ப் பெயரும். அந்த ஊரிலிருந்துதான் இப்போது எழுதுகிறேன்.

ஊர் சின்னது. நடுவில் தேவாலயம், சுற்றிலும் பண்ணைகள். தேவாலயத்துப் பங்கு அலுவலகத்தில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் கதவு திறக்கும். நான் விடுப்புப் போட்டுப் போய், அட்டையைக் காட்டினேன். அங்கிருந்த அம்மாள் என் முகத்தையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்தாள். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, எல்லாம் முந்நூறு வருஷத்துக்கு மேல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஹோல்ட்காம்ப் வீட்டார் மட்டும் பதினோரு தலைமுறை. இங்கே ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. பண்ணையில் ஆண்வாரிசு இல்லாமல் வெளியிலிருந்து ஒருவன் கல்யாணம் கட்டி வந்தால், அவன் தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை வைத்துக்கொள்வானாம். 1743இல் ஒரு ஷுல்ட்ஸ் வந்து ஹோல்ட்காம்ப் ஆகியிருக்கிறான். ரத்தம் எது என்று யாரும் கேட்கவில்லை. வந்து உழுதவன் அந்த வீட்டுக்காரன்.

ஹைன்ரிஷ் தாத்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெய்வேலிச் சுரங்க வேலை முடிந்து இந்தியாவிலிருந்து திரும்பி, 1978இல் இறந்திருக்கிறார். அவருடைய அண்ணன் மகள் இர்ம்கார்ட் பண்ணையில் தனியாக இருக்கிறார். உன்னைவிடச் சில மாதம் மூத்தவர். 1961 அக்டோபர் எட்டாம் தேதி அவருக்கு ஞானஸ்நானம். ஞானத்தந்தையாக நின்றது நம் தாத்தா. பதிவேட்டில் அவர் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தேன் அம்மா. அட்டையில் இருக்கும் அதே கையெழுத்து.

இர்ம்கார்ட் என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்து ஆப்பிள் பலகாரம் கொடுத்தார். "இவ்வளவு நாள் எங்கே இருந்தாய்?" என்று கேட்டார். எட்டு வருஷமாக இந்த நாட்டில் எல்லோரும் என்னை "எங்கிருந்து வந்தாய்?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

ஆயாவின் போட்டோ ஒன்று அனுப்பு.

உன் அன்பு மகன்,
நெடுமாறன்


வடக்குத்து
2 டிசம்பர் 2023

என் ராசா நெடுமாறனுக்கு,

அம்மா எழுதுவது. கடிதம் வந்தது. தபால்காரர் ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு, "பையன் காசு அனுப்புற காலம் போயி காயிதம் அனுப்புறானா?" என்று ஜாடையில் கேட்டுச் சிரித்தார். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஓட்டுக்கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. தாஜ் பீவி அக்கா நோன்புக்கு வைத்திருந்த பெரிய குண்டானைக் கொடுத்திருக்கிறாள், பிடித்து வைக்க. அவள் பேத்தி சாஹிராவுக்குக் குள்ளஞ்சாவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்துவிட்டது. தினம் பஸ்ஸில் போய் வருகிறாள்.

அட்டையை எடுத்தது நீதானா? எலி கடித்துப் போட்டது என்று நினைத்துத் தொலைந்தது சனியன் என்று இருந்தேன்.

உன் கடிதத்தில் அந்த ஆளைத் தாத்தா, தாத்தா என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்த இடங்களை விரலால் மறைத்துக்கொண்டு படித்தேன். உனக்கு அது விளையாட்டு. ஸ்கூலில் உன்னை "ஜெர்மன் பேரன்" என்று கூப்பிட்டபோது முதலில் அழுதாய், பிறகு சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாய். என்னைக் கூப்பிட்டது அப்படியில்லை. தெருக்குழாயில் குடம் வைத்தால், "ஏய் பூனக்கண்ணி, ஒன் அப்பன் வூட்டுல போய்ப் புடி, கப்பல் ஏறி" என்பார்கள். உன் அப்பா வேலுமணி ஒருவர்தான், கேட்டுக்கொண்டே என்னைக் கட்டியவர். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, அதை விடு. ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல். அந்தத் தேதியைச் சரியாகப் பார்த்தாயா? 1961 அக்டோபர் எட்டாம் தேதி அந்த ஆள் அங்கேதான் இருந்தானா? அப்படியானால் எப்போது கப்பல் ஏறினான்? அதற்கு முன்னால் எப்போதாவது இந்தப் பக்கம் வந்து போயிருந்தானா?

என் ஸ்கூல் சர்டிபிகேட்டில் ஜூன் ஒன்றாம் தேதி என்று போட்டிருக்கும். அது வாத்தியார் போட்டது. நான் பிறந்தது தைப்பூசத்தன்று. வடலூரில் ஜோதி காட்டி முடித்த நேரம் என்று என்னைப் பெற்ற உன் ஆயா சொல்வாள். அது கழித்துப் பதினைந்தாம் நாள் அஷ்டகிரகம் சேர்ந்து, உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் கோயிலில் படுத்துக் கிடந்ததாம். பச்சைக் குழந்தையோடு அங்கே வராதே என்று ஆயாவைத் துரத்தினார்களாம். சாஹிரா போனில் பார்த்துச் சொன்னாள். அஷ்டகிரகம் சேர்ந்தது 1962 பிப்ரவரி.

நீ இன்ஜினியர். கணக்குப் போட்டுப் பார்.

அன்புடன்,
அம்மா

போட்டோ அனுப்பவில்லை. இருப்பது ஒன்றுதான்.


ப்ரோக்ஹாசன்
7 ஜனவரி 2024

அன்புள்ள அம்மா,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். கூரைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், ஓட்டை மட்டும் அடைக்காமல் முழுசாக மாற்றிவிடு.

கிறிஸ்துமஸுக்கு இர்ம்கார்ட் வீட்டில் இருந்தேன். அவருடைய உறவுக்காரர்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். மேசையில் எனக்கு ஓர் இடம், என் பெயர் எழுதிய சின்னச் சீட்டோடு. நகரத்தில் இருந்த வாடகை அறையைக் காலிசெய்துவிட்டு அவர் வீட்டு மாடி அறைக்கே வந்துவிட்டேன். வாடகை வாங்க மாட்டேன் என்கிறார். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு பிளந்து கொடுக்கிறேன். ஜூனில் என் கான்ட்ராக்ட் முடிகிறதல்லவா? அவருடைய ஒன்றுவிட்ட தம்பி டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பெர்மனன்டாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று இர்ம்கார்ட் சொன்னதற்காக.

பண்ணைப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. எந்த வருஷம் எந்த வயலில் என்ன விதைத்தார்கள், எந்தப் பசு கன்று போட்டது, யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்று இருநூறு வருஷத்துக் கையெழுத்துகள். புதுவருஷத்தன்று இர்ம்கார்ட் மைப்பேனா எடுத்து எழுதினார். "ஹைன்ரிஷின் மகள் பொற்கொடி, நெய்வேலி. அவள் மகன் நெடுமாறன்." எழுத்துக் கூட்டி எழுத அரைமணி நேரம் ஆயிற்று. நான் அழுதுவிட்டேன்.

தேதி பற்றிக் கேட்டிருந்தாய். பழைய கையெழுத்து, ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். ஆயா சொன்ன தேதியிலும் பிசகு இருக்கலாம். அறுபது வருஷத்துக்கு முந்தினதை இப்போது நோண்டுவானேன்? எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்படு அம்மா.

உன் அன்பு மகன்,
நெடுமாறன்


வடக்குத்து
4 பிப்ரவரி 2024

நெடுமாறனுக்கு,

அம்மா எழுதுவது. கூரைப் பணம் வந்தது. ஆள் பிடித்து வேலை நடக்கிறது.

அந்த இர்ம்கார்ட் அம்மாவுக்குத் தன் வயது தெரியாதா? அவள் ஞானஸ்நானத் தேதியில் ஒரு வருஷம் முன்னே பின்னே என்று அவளிடமே சொல்லிப் பார், விறகுக் கட்டையை எடுத்து அடிப்பாள். முந்நூறு வருஷக் கணக்கைத் தொட்டுப் பார்த்து அழுதவன், ஓர் அம்மா பத்து மாதம் சுமந்த கணக்கில் மட்டும் பிசகு இருக்கும் என்கிறாய்.

பூசத்துக்கு வடலூர் போயிருந்தேன். கூட்டத்தில் நிற்க முடியாமல் ஓரமாக உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். தையில் நான் பிறந்தேன். அதற்கு முந்தின புரட்டாசிக்கு ஆயாவுக்கு ஆறு மாதம். அந்த ஆள் அப்போது தன் ஊரில் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றுகொண்டிருக்கிறான். நாலு தடவை எண்ணினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று தோளைத் தொட்டாள். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

உனக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று. நம் வேப்பங்குழி ஊர் நிலக்கரி மைன்ஸுக்குப் போனபோது குலதெய்வத்தைப் பெயர்த்து இங்கே ஏரிக்கரையில் வைத்தார்களே, அந்தக் கோயிலுக்கு இந்த ஆவணியில் கும்பாபிஷேகம். பங்காளி வீடுகளில் பிறந்த பெண்கள் எல்லோரையும் அழைத்துத் தீர்த்தக்குடம் எடுக்கச் சொல்கிறார்கள். ஆயாவைக் கட்டிய தாத்தா ராமசாமியின் தம்பி சிங்காரவேல் சித்தப்பாதான் முன்னால் நின்று செய்கிறார். எண்பத்தைந்து வயது. எனக்கு அழைப்பு இல்லை. இருக்காது. ராமசாமிக்குப் பிள்ளையில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி, அவர் நிலத்துக்கும் தானே வாரிசு என்று எழுதி வாங்கி, அந்த நிலத்துக்காகக் கிடைத்த பெர்மனன்ட் வேலையில் முப்பது வருஷம் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். நான் அதே கம்பெனி வாசலில் கான்ட்ராக்டில் நின்று காதைக் கொடுத்தேன்.

எனக்கு நிலம் வேண்டாம். அது இப்போது இருநூறு அடிப் பள்ளம். பங்கு அலுவலகத்தில் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து, முத்திரை போட்டு அனுப்பு. அந்த ஆள் கப்பல் ஏறிய தேதியும் வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு முன் வர வேண்டும்.

அம்மா


ப்ரோக்ஹாசன்
10 மார்ச் 2024

அம்மா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ எண்ணியது சரி. பண்ணைப் புத்தகத்தில் இருக்கிறது. "நவம்பர் 2, 1961. உருளைக்கிழங்கு எடுத்து முடிந்தது. ஹைன்ரிஷ் இன்று ஹாம்பர்க் போனான், இந்தியாவுக்கு." அதற்கு முன்னால் அவர் ஊரை விட்டு எங்கும் போனதில்லை.

அது மட்டுமில்லை. எச்சில் கொடுத்தால் வம்சம் சொல்லும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. இர்ம்கார்டின் தம்பி மகன் ஏற்கெனவே செய்திருக்கிறான். இரண்டும் பொருந்தினால் சான்றுபோல மாட்டி வைக்கலாம் என்று நானும் கொடுத்தேன். ஜனவரி நாலாம் தேதி முடிவு வந்தது. ஒரு துளி கூடப் பொருந்தவில்லை. நான் முழுக்க முழுக்க நம் பக்கத்து ஆள். அவனுக்கு அறிவிப்பு எதுவும் போகவில்லை. என் முடிவை நான் அழித்துவிட்டேன். போன கடிதத்தை உனக்கு எழுதியபோது எனக்குத் தெரியும்.

நான் திருடனில்லை அம்மா. பொய் சொல்லி உள்ளே வரவில்லை. நம்பித்தான் வந்தேன். வந்தபிறகு அது பொய் என்று தெரிந்தது. கதவுக்கு வெளியே மறுபடி போக என்னால் முடியவில்லை. நீ இந்தக் குளிரில் இருந்ததில்லை. எட்டு வருஷத்தில் ஒரு வீட்டு மேசையிலும் எனக்குச் சோறு போட்டதில்லை. இப்போது காலையில் கீழே இறங்கினால் ஒருவர் என் காபியை மூடி வைத்திருக்கிறார். இந்த ஊரில் வெளியிலிருந்து வந்தவனுக்குப் பண்ணையின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். நானும் அப்படி ஒருவனாக இருந்துவிட்டுப் போகிறேன். யாருக்கு நஷ்டம்?

ஆயா செத்து முப்பது வருஷமாகிறது. கோயிலில் ஒரு குடம் தண்ணீர் எடுப்பதற்காக என் வாழ்க்கையை உடைக்காதே. அந்த நகலை நான் போய்க் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். சின்ன ஊர், மாலைக்குள் இர்ம்கார்ட் காதுக்குப் போய்விடும். என்னால் முடியாது. மன்னித்துக்கொள்.

நெடுமாறன்


வடக்குத்து
5 ஏப்ரல் 2024

நெடுமாறனுக்கு,

யாருக்கு நஷ்டம் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் அட்டையை அந்த ஆள் தான் தங்கியிருந்த கம்பெனி குவார்ட்டர்ஸில் வேலை செய்த எல்லோருக்கும்தான் கொடுத்தான். தோட்டக்காரனுக்கும் கொடுத்தான். ஆயா அதை அழகாக இருக்கிறதென்று சுவரில் ஒட்டிவைத்தாள். எனக்கு அப்போது பதினோரு மாதம். கண் இந்த நிறம் என்று தெளிவாகத் தெரிய ஆரம்பித்த நேரம். சித்தப்பா அதைப் பிய்த்து எடுத்து ஊர்க்கூட்டத்தில் காட்டிவிட்டு ஆயாவின் முகத்தில் வீசினார். தாத்தா ராமசாமியின் அத்தை ஒருத்திக்கும் பூனைக்கண்தானாம். அது அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆயாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஏரி மதகில் விட்டார்கள். இடுப்பில் நான். தாத்தா குடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு வருஷத்தில் அவரும் செத்தார். முகம் பார்க்கக்கூட விடவில்லை.

ஆயா இதை என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். "நீ பொறந்து மூணு மாசம் கழிச்சிதான்டி நான் அந்த குவார்ட்டர்சுக்கே துணி தோய்க்கப் போனேன். அந்தாளு பேரே அப்பதான் தெரியும்." நூறு தடவையும் நான் எழுந்து போய்விடுவேன். நான் நம்பவில்லை நெடுமாறா. கண்ணாடியில் என் கண்ணைப் பார்ப்பேன், பிறகு அவளைப் பார்ப்பேன். பெற்ற மகள் நானே அவளைத் தேவடியாள் என்றுதான் நினைத்துக்கொண்டு வளர்ந்தேன். ஒருநாள் சண்டையில் வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

உனக்கு அஞ்சு வயது. அவள் கிடையில் விழுந்து பேச்சுக் குழறும் நேரம். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் நம்புறியாடி?" என்றாள். "இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு, வாயத் தொற" என்றேன். அதுதான் நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது. மறுநாள் மதியம் போய்விட்டாள்.

அவள் உண்மையைத்தான் சொன்னாள் என்பது ஜனவரி நாலாம் தேதி உன் கைக்கு வந்தது. நீ அதை அழித்தாய்.

வெளியிலிருந்து வந்தவனுக்குப் பெயர் கொடுத்த பண்ணை என்று எழுதுகிறாய். அவன் ஷுல்ட்ஸ் என்று சொல்லித்தானே உள்ளே வந்தான்? ஆயாவும் வெளியிலிருந்து ஒரு வீட்டுக்கு வாழ வந்தவள்தான். அவளைப் பற்றிய பழியை மூலதனமாக வைத்து நீ மாடி அறையில் காபி குடிக்கிறாய். உன் பெயரை அந்தப் புத்தகத்தில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் என் அம்மா ஒருவனோடு படுத்தாள் என்று நீ கையெழுத்துப் போடுகிறாய்.

மே பதினைந்துவரை பார்ப்பேன். நீயே அந்த அம்மாவிடம் சொல்லி நகலை வாங்கி அனுப்பினால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன். இல்லையென்றால் சாஹிராவை வைத்து நான் எழுதுவேன். முகவரி உன் கவரிலேயே இருக்கிறது.

அம்மா


முகவரி இல்லை
16 ஜூன் 2024

அம்மா,

நீ ஜெயித்துவிட்டாய். உன் கடிதம் வந்த அன்று இர்ம்கார்ட் சமையலறை மேசையில் அதை விரித்து வைத்து எனக்காகக் காத்திருந்தார். கத்தவில்லை. "ஜனவரியிலிருந்தா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சனிக்கிழமைக்குள் அறையைக் காலிசெய்யச் சொன்னார். ஒர்க்‌ஷாப் வேலையும் இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு நண்பன் அறையில் தரையில் படுத்திருக்கிறேன். விசாவுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

செத்துப்போன ஒருத்திக்காக உயிரோடு இருக்கிற மகனை விட்டுக்கொடுத்த அம்மா உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். குடம் எடுத்துச் சந்தோஷமாக இரு.

நெடுமாறன்


வடக்குத்து
28 ஆகஸ்ட் 2024

நெடுமாறனுக்கு,

நீ முகவரி எழுதவில்லை. உன் பழைய ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். சேர்ந்தால் சேரட்டும்.

ஜூலையில் அந்த அம்மா எனக்கு ஒரு கவர் அனுப்பினாள். பதிவேட்டின் நகல், தேவாலய முத்திரையோடு. பண்ணைப் புத்தகத்தின் அந்த நவம்பர் பக்கம். கூடவே ஒரு கடிதம். சாஹிரா வரிவரியாகப் படித்து எழுதிக் கொடுத்தாள். அதில் ஒரு வரியை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஜனவரியிலேயே என்னிடம் வந்து சொல்லியிருந்தால், மாடி அறையை நான் பூட்டியிருக்க மாட்டேன். விருந்தாளியாக இருந்திருக்கலாம்." இதை உன்னைக் குத்துவதற்காக எழுதுவதாக நினைத்தால் நினைத்துக்கொள். நீ அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆவணி ஏழாம் தேதி கோயிலுக்குப் போனேன். கூப்பிடாமல்தான் போனேன். தாஜ் பீவி அக்கா, "நான் வர்றன், ஒண்டியா போவாத" என்று ஏரிக்கரைவரை வந்து, பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். குடம் எடுக்கும் பெண்கள் மஞ்சள் புடவையில் வரிசையாக நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எனக்குக் கேட்காவிட்டாலும் வாய்கள் மூடியது தெரிந்தது. சிங்காரவேல் சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் பிரவின்குமார் விசிறிக்கொண்டிருந்தான். நான் நேரே போய் அவர் மடியில் காகிதங்களை வைத்தேன். இத்தனை மாதம் மனப்பாடம் செய்ததை எல்லாம் சொன்னேன். அந்த ஆள் கப்பல் ஏறிய தேதி, நான் பிறந்த பூசம், நடுவில் எத்தனை மாதம்.

அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது புரிந்தது. ஆனாலும் என் மனசு நம்பவில்லை. "சித்தப்பா, காது கேக்காது. சத்தமா சொல்லுங்க" என்றேன்.

அவர் எரிச்சலோடு கத்தினார். "தெரியும்டி! அப்பவே தெரியும்னு சொல்றன்!"

மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள்.

"இன்னா தெரியும்?" என்றேன்.

"நீ எங்க அண்ணன் பொண்ணுன்னு தெரியும். அண்ணனே எங்கிட்ட சொன்னாரு, கொழந்த என்னுதுதான்டான்னு. ஊரு பேசிச்சு. நான் இன்னாத்துக்குத் தடுக்கணும்? ரெண்டு காணி நெலம். இப்ப அதுக்கு இன்னாங்கற?"

பிரவின்குமார், "யப்பா, சும்மா இருங்க, யப்பா" என்று அவர் வாயைப் பொத்தப் போனான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டார். எண்பத்தைந்து வயதில் அவருக்கு யாரிடம் பயம்? நான் ஏதாவது செய்திருக்க வேண்டும். மண்ணை வாரித் தூற்றியிருக்க வேண்டும். அவர் இருமினார், நான் நின்றுகொண்டே இருந்தேன். அத்தனை கூட்டத்தில் ஒருத்தர்கூட அவரைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ கண் காட்ட, மேளம் மறுபடி தொடங்கிவிட்டது. பிரவின்குமாரின் பெண்டாட்டி மலர்கொடி ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணி, நீங்களும் எடுங்க, இப்பத்தான் எல்லாம் சரியாயிடுச்சே" என்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. காகிதங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏரிக்கரையில் தாஜ் பீவி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தெரியாமல் பழி போட்டார்கள் என்று அறுபது வருஷம் நினைத்திருந்தேன். தெரிந்தால் தலைகுனிவார்கள் என்று நினைத்துத்தான் அந்த நகலுக்கு இவ்வளவு பாடுபட்டேன், உன் இடத்தையும் உடைத்தேன். தெரியாமல் இல்லை. அவருக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது, தெரிந்தே அட்டையைக் காட்டிவிட்டு, உண்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். உனக்கும் ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது. நீயும் மூடிக்கொண்டாய். அவருக்கு அறுபது வருஷம், உனக்கு அஞ்சு மாதம். நடுவில் நானும் இருக்கிறேன். கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள். எனக்கு ஒரு வேலையும் ஆக வேண்டியிருக்கவில்லை. அதனால் உங்கள் இரண்டு பேரைவிட நான்தான் மோசம்.

செத்துப்போனவளுக்காக உயிரோடு இருக்கிற மகனை விட்டுக்கொடுத்தேனா என்று கேட்டாய். ஆமாம். உனக்குக் கை கால் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, இரண்டு பாஷை இருக்கிறது. அவளுக்காகப் பேச என்னை விட்டால் ஆளில்லை. நானும் முப்பது வருஷம் பிந்திவிட்டேன்.

விசா முடிந்து நீ வந்தால் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன். அதற்கு மேல் என்னிடம் இப்போது எதுவும் இல்லை. வராமல் வேறு ஊரில் பிழைத்துக்கொண்டாலும் சரி.

எனக்குப் பதில் எழுதுவதானால் ஒன்று செய். கவரின் மேல் என் பெயரை மட்டும் எழுதாதே. "பொற்கொடி, ராமசாமி மகள், வடக்குத்து" என்று உன் கையால் தமிழில் எழுது. போஸ்ட் ஆபீஸில் பிரிக்கிறவர்கள் படிக்கட்டும். அப்படி எழுத உனக்கு மனம் வரவில்லையென்றால் எழுத வேண்டாம்.

பொற்கொடி